ஜம்போனியே பரிந்துரைக்காத சிகிச்சை

"எம்.எஸ். நோய்க்குக் காரணமே கழுத்து நரம்பில் அடைப்புதான், பலூன் வைத்து விரித்தால் சரியாகிவிடும், மருந்து கம்பெனிகள் மறைக்கிறார்கள்" என்று ஒருவர், சிகிச்சைக்குப் பிறகு நோயாளி எழுந்து நடக்கும் வீடியோவோடு எழுதியிருக்கிறார். எம்.எஸ். என்பது மல்டிபிள் ஸ்கிளீரோசிஸ், மூளையையும் தண்டுவடத்தையும் தாக்கும் நோய். முதலில், அவர் சொல்வது நரம்பு இல்லை, சிரை, அதாவது இரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுசெல்லும் குழாய். பேச்சுவழக்கில் இரண்டையும் நரம்பு என்றே சொல்லிப் பழகிவிட்டோம்.

2009-ல் இத்தாலியின் ஃபெராராவைச் சேர்ந்த மருத்துவர் பாவ்லோ ஜம்போனி இப்படிச் சொன்னது உண்மைதான். ஆனால் யாரும் மறைக்கவில்லை, சோதித்துப் பார்த்தார்கள். 2013-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்த கனடா ஆய்வில், சிரை பாதிக்கு மேல் சுருங்கியிருந்தவர்கள் எம்.எஸ். நோயாளிகளில் 74%, நோயே இல்லாதவர்களில் 70%! பிறகு அதே கனடாவில் 104 பேரிடம் சோதனை. பாதிப் பேருக்கு நிஜமாகவே பலூன், மற்றவர்களுக்குச் சும்மா பாவனை. யாருக்கு எது என்று நோயாளிகளுக்குத் தெரியாது. ஓராண்டு கழித்துப் பார்த்தால் வித்தியாசமே இல்லை.

இதையெல்லாம் விடுங்கள். ஜம்போனியே தலைமையேற்று இத்தாலியில் 115 பேரிடம் செய்து, 2017-ல் வெளியான ஆய்வின் முடிவு: பெரிய பலன் இல்லை, எம்.எஸ். நோயாளிகளுக்குப் பரிந்துரைக்க முடியாது. அந்த மனிதரின் நேர்மைக்கு ஒரு வணக்கம்.

அப்படியானால் அந்த வீடியோவில் நோயாளி எழுந்து நடக்கிறாரே? எம்.எஸ். பெரும்பாலும் விட்டுவிட்டு வரும் நோய். தாக்கம் தணிந்ததும் தானாகவே ஓரளவு தேறுவார்கள். பாவனைச் சிகிச்சையோடு ஒப்பிட்டது அதற்காகத்தான். ஆபத்தில்லாத முயற்சிதானே என்றும் நினைக்க வேண்டாம். பக்கவாதம், ஸ்டென்ட் (சிரையைத் திறந்து வைக்கப் பொருத்தும் சிறு குழாய்) இடம்பெயர்தல், மரணம் வரை நேர்ந்ததாக அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2012-லேயே எச்சரித்திருக்கிறது.