முதலில் ஸ்டூலைப் போடுங்கள், மனப்பான்மையைப் பிறகு பேசலாம்

துணிக்கடையில் வேலை செய்கிற பெண்களுக்கு ஒரு பயிற்சியாளர் மனப்பான்மை பற்றிப் பேசுகிற வீடியோ ஒன்று சுற்றுகிறது. அதை இன்னும் எத்தனை பேர் அனுப்பப் போகிறீர்கள் என்று தெரியவில்லை. "அருமையான பேச்சு, முழுசா கேளுங்க" என்கிறீர்கள். முழுசாகக் கேட்டேன். பாதியில் எனக்கும் உடன்பாடுதான். வேலையில் மனநிறைவு வேண்டுமென்றால் வேலையைப் பார்க்கும் விதமும் மாறவேண்டும், நல்ல பழக்கங்களும் வேண்டும். இதை யார் மறுத்தார்கள்?

ஆனால் "கால்வலிங்கிறது மனசுலதான் இருக்கு, கஸ்டமர் முகத்தைப் பாருங்க, வலி மறந்துடும்" என்று பயிற்சியாளர் சொன்னதும் கைதட்டல் எழுந்ததே, அந்த இடத்தை என்னால் தாண்ட முடியவில்லை. எதிரே இருந்த பெண்களைக் கவனித்தீர்களா? அந்தப் பேச்சையே அவர்கள் நின்றுகொண்டுதான் கேட்டார்கள். முன்வரிசையில் மூன்றாவதாக நின்ற பெண் உடம்பை ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாற்றிக்கொண்டே இருந்தார். நடுவில் வலது பாதத்தைத் தூக்கி, இடது கெண்டைக்காலில் மெல்லத் தேய்த்துவிட்டு, யாரும் பார்த்துவிடுவார்களோ என்பதுபோலச் சட்டென்று இறக்கிக்கொண்டார். அது மனசில் இருக்கிற வலி இல்லை.

கால்வலி எங்கே இருக்கிறது என்று சொல்கிறேன். பாதத்துக்கு இறங்கிய ரத்தத்தை மேலே தள்ளுவது கெண்டைக்கால் தசைதான். நடந்தால் தசை சுருங்கும், ரத்தம் ஏறும். ஏறினது இறங்காமல் இருக்க சிரைக்குள், அதாவது ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகிற குழாய்க்குள், சின்னச் சின்ன வால்வுகள் இருக்கின்றன. அசையாமல் நிற்கும்போது கணுக்காலில் சிரை அழுத்தம் ஏறக்குறைய 80, 90 மில்லிமீட்டர் பாதரசம். நடக்கத் தொடங்கினால் அதுவே 30 பக்கம் இறங்கிவிடும். ஆகவே துணிக்கடை ஊழியருக்கு எதிரி நடை இல்லை, ஒரே இடத்தில் நிற்பதுதான். வருடக்கணக்கில் இப்படி நின்றால் வால்வு தளர்ந்து, சிரை சுருண்டு முடிச்சு முடிச்சாக எழும்பும். சாயங்காலம் கணுக்கால் வீங்கும். ராத்திரி கெண்டை இழுத்துப் பிடிக்கும். இன்னும் முற்றினால் கணுக்காலுக்கு மேலே தோல் கறுத்து, ஆறாத புண்ணாகிவிடும். இதை எந்தப் புன்னகை சரிசெய்யும்?

ஸ்டூல் கேட்பது பிச்சை இல்லை, சட்டம். 1947ஆம் வருடத்துத் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021இல் 22-ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். எல்லா ஊழியருக்கும் தகுந்த இருக்கை இருக்கவேண்டும், வேலைக்கு நடுவே உட்கார வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார முடியவேண்டும். அவ்வளவுதான் அதன் சாரம். கேரளத்தில் 2018லேயே வந்துவிட்டது. அதுவும் சும்மா வரவில்லை. கோழிக்கோட்டில் 'பெண்கூட்டு' என்ற பெண்கள் அமைப்பின் விஜி போன்றவர்கள் கடைப் பெண்களைத் திரட்டி, முதலில் கழிப்பறைக்கும் பிறகு நாற்காலிக்கும் போராடி வாங்கினது. இங்கிலாந்தில் 1899லேயே மூன்று கடைப் பெண்களுக்கு ஓர் இருக்கையாவது போடவேண்டும் என்று சட்டம் போட்டுவிட்டார்கள். 1899!

உடனே ஒருவர் வருவார்: "கஸ்டமர் நிற்கும்போது ஸ்டாஃப் உட்கார்ந்தால் மரியாதையா?" யாரப்பா அப்படிக் கேட்டது? சேலைப் பிரிவையே எடுத்துக்கொள்ளுங்கள். ரேக்கிலிருந்து எடுக்கும்போது நிற்கவேண்டும். தோளில் போட்டுக் காட்டும்போது நிற்கவேண்டும். சரி. ஆனால் கஸ்டமர் நாற்பது சேலையைப் பிரித்துப் பார்த்துவிட்டு எழுந்து போன பிறகு, அந்த நாற்பதையும் மறுபடி மடித்து, முந்தி வெளியே தெரிகிற மாதிரி அடுக்குகிற வேலை இருக்கிறதே, அதை ஏன் நின்று செய்யவேண்டும்? விலைச் சீட்டு ஒட்டுவது, ஸ்டாக் எழுதுவது, பில் போடுவது, ஆள் வராத மதிய நேரம், இதில் எதற்கு நிற்கவேண்டும்?

"உட்கார விட்டால் போனை நோண்டுவார்கள்." இதை நான் தள்ளிவிடப் போவதில்லை, சில கடைகளில் நடக்கிறது. போனை வாங்கி லாக்கரில் வையுங்கள், பல கடைகளில் ஏற்கெனவே அப்படித்தான். போனுக்குத் தண்டனை காலுக்கு எதற்கு? "நாங்களும் நின்றுதான் வளர்ந்தோம்" என்கிற முதலாளிகளுக்குப் பதில் சொல்ல எனக்கு மனமில்லை.

ஸ்டூல் போடுவதிலும் கோளாறு நடக்கிறது. குடோனில் ஒன்று போட்டுவிட்டு "இருக்கை இருக்கிறது" என்று கணக்குக் காட்டுகிறார்கள். ஆறு பேருக்கு ஒன்று போடுகிறார்கள். கவுண்டர் உயரத்துக்குப் போடுகிறேன் என்று கால் வைக்கக் கம்பி இல்லாத உயர ஸ்டூல் போடுகிறார்கள், கால் அந்தரத்தில் தொங்கித் தொடையின் அடிப்பக்கம் அழுந்தி, நிற்பதே தேவலை என்றாகிவிடும். வேண்டியது இதுதான்: கவுண்டர் ஓரமாக, வேலை நடக்கிற இடத்திலேயே, கால் வைக்கக் கம்பியோடு ஓர் இருக்கை. இடமில்லாத சின்னக் கடையென்றால் சுவரில் கீல் வைத்து மடக்குகிற பலகை போதும். நிற்கிற இடத்தில் அரை அங்குலத்துக்குக் கொஞ்சம் கூடுதலான கனத்தில் ரப்பர் மேட் போடுங்கள், வழவழ டைல்ஸில் வெறுங்காலோடு நிற்பதுதான் குதிகாலைக் கொல்கிறது. மேட்டின் விளிம்பு சரிவாக இல்லையென்றால் கால் தடுக்கும், பார்த்து வாங்குங்கள்.

இப்போது பழக்கங்களுக்கு வருகிறேன். பழக்கங்களுக்கு நான் எதிரி இல்லை. ஊழியர்களுக்காகவே எழுதுகிறேன், அந்தப் பயிற்சியாளர் இதில் ஒன்றையாவது சொல்லியிருக்கலாம்.

அரை மணிக்கு ஒருதடவை கவுண்டரைப் பிடித்துக்கொண்டு குதிகாலை 20 முறை ஏற்றி இறக்குங்கள். ஒரு நிமிடம்கூட ஆகாது, கெண்டைத் தசை ரத்தத்தைத் தள்ளிவிடும். நாலு அங்குல உயரத்தில் ஒரு கட்டையோ பழைய அட்டைப் பெட்டியோ போட்டு, ஒரு காலை மாற்றி மாற்றி அதன்மேல் வையுங்கள், இடுப்புக்கு இதம். செருப்பு ஷூ எதுவானாலும் சாயங்காலம் வாங்குங்கள், காலையில் சரியாக இருப்பது மாலை வீக்கத்தில் கடிக்கும். அழுத்தக் காலுறை (கம்ப்ரெஷன் ஸ்டாக்கிங்) போடுவதென்றால் காலையில் எழுந்தவுடன், வீக்கம் வருவதற்கு முன்பே போடவேண்டும். மேல்விளிம்பைச் சுருட்டி விடாதீர்கள், அது கட்டுப் போட்டமாதிரி இறுக்கிவிடும். சர்க்கரை நோய் உள்ளவர்களும் காலுக்கு ரத்த ஓட்டம் குறைந்தவர்களும் மருத்துவரைக் கேட்காமல் போடக்கூடாது. காலையில் முதல் அடி வைக்கும்போது குதிகால் சுரீரென்றால், தண்ணீர் பாட்டிலை உறையவைத்துத் துணி சுற்றி ஐந்து நிமிடம் பாதத்தால் உருட்டுங்கள். ராத்திரி 15 நிமிடம் காலை நெஞ்சுக்கு மேலே தூக்கித் தலையணையில் வைத்துப் படுங்கள். ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கிச் சூடாக வலித்தால் நீவி விடாதீர்கள், அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். ரத்தக்கட்டியாக இருக்கலாம்.

தண்ணீர் குடியுங்கள் என்றும் எழுதவேண்டும். எழுதும்போதே கை கூசுகிறது. நாலு மாடிக்கு ஒரே கழிப்பறை, போகிற வரவுக்குக் கணக்கு என்றிருக்கும்போது அந்தப் பிள்ளைகள் வேண்டுமென்றே தண்ணீரைக் குறைத்துக்கொள்கிறார்கள். சிறுநீர்த் தொற்றுக்கு மாத்திரையும் வாங்கிப் போட்டுக்கொண்டு மறுநாள் வந்து நிற்கிறார்கள். நல்ல பழக்கம் என்பது ஒருவர் தனியாக வளர்த்துக்கொள்கிற விஷயமா, சொல்லுங்கள்? ஸ்டூல் இல்லாத இடத்தில், கழிப்பறை இல்லாத இடத்தில்?

மனப்பான்மைக்கும் இதே கதைதான். வேலையைத் தானே வடிவமைத்துக்கொள்வது பற்றி ஏமி ரெஸ்னெவ்ஸ்கி, ஜேன் டட்டன் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் 2001இல் எழுதினார்கள். மருத்துவமனைத் துப்புரவுப் பணியாளர்களில் சிலர் தங்கள் வேலையை நோயாளியைக் கவனிக்கிற வேலையாகவே பார்த்தார்கள் என்பது அதில் வருகிற உதாரணம். உண்மைதான். ஆனால் அவர்கள் பார்வையை மட்டும் மாற்றவில்லை, செய்கிற வேலையையே கொஞ்சம் மாற்றிக்கொண்டார்கள். அப்படி மாற்றிக்கொள்ள வேலையில் கொஞ்சம் இடம் கொடுக்கவேண்டும்.

துணிக்கடையில் அந்த நிறைவுக்கு வழி இல்லாமல் இல்லை. காஞ்சிபுரம் கோர்வைச் சேலையில் உடலையும் கரையையும் தனித்தனி நாடாவில் (தறியில் குறுக்கு நூலைக் கொண்டுபோகிற கருவி) நெய்து கோர்க்கிறார்கள் என்பதை, கரை சேருகிற இடத்தை விரலால் தொட்டுக்காட்டிச் சொல்கிற ஊழியரைப் பாருங்கள். அசல் ஜரிகையைச் சுரண்டினால் உள்ளே சிவப்புப் பட்டு நூல் தெரியும் என்று சொல்லிக்கொடுக்கும்போது அந்த முகத்தில் வருகிற வெளிச்சத்தைப் பாருங்கள். அதுதான் ஈடுபாடு. தினம் பத்து நிமிடம் உட்காரவைத்து ஒரு நெசவைச் சொல்லிக்கொடுத்தால் வரும். வலிக்கிற கால் கவனம் முழுவதையும் தன்பக்கம் இழுத்துக்கொண்டிருக்கும்போது வராது. ஸ்டூலைப் போடுங்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்வது அதனால்தான்.

"எல்லாவற்றிலும் குறை காண்கிறாய்" என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். வருத்தமாக இருந்தது. வேலைப் பளு, சம்பளம், கழிப்பறை, உட்காருவது, எதைப் பேசினாலும் அது "நெகட்டிவ்" ஆகிவிடுகிறது. பாசிட்டிவாக இருங்கள் என்கிற அறிவுரை மட்டும் எப்போதும் நின்றுகொண்டிருப்பவர்களுக்கே போகிறது. உட்கார்ந்திருப்பவருக்கு அதை யாரும் சொல்வதில்லை. 2019இல் உலக சுகாதார நிறுவனம்கூட, சரியாகக் கையாளப்படாத நாள்பட்ட பணியிட அழுத்தத்திலிருந்துதான் 'பர்ன்அவுட்' என்கிற பணிச்சோர்வு வருகிறது என்று எழுதியது. பணியிடம் என்று எழுதியிருக்கிறது. அந்தப் பெண்களின் குணம் என்று எழுதவில்லை.

தீபாவளிக்குத் துணி எடுக்கப் போவீர்கள். ஸ்டூல் இல்லையென்றால் மேனேஜரிடம் ஏன் இல்லை என்று கேளுங்கள், வாங்குகிறவர் கேட்டால் காதில் விழும். ஊழியர்கள் தொழிலாளர் துறையின் உதவி ஆய்வாளருக்கு எழுதலாம், 22-ஏ பிரிவைக் குறிப்பிட்டு எழுதுங்கள்.

முன்வரிசையில் மூன்றாவதாக நின்ற அந்தப் பெண்ணைத் தெரிந்தவர்கள் யாராவது இதைப் படித்தால், இன்றைக்கு ராத்திரி கெண்டைக்காலை வெளிச்சத்தில் பார்க்கச் சொல்லுங்கள். சிரை புடைத்தோ, கணுக்காலுக்கு மேலே தோல் நிறம் மாறியோ இருந்தால் தள்ளிப்போட வேண்டாம். சென்னை ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையில் ரத்தநாள அறுவைச் சிகிச்சைக்குத் தனித்துறையே இருக்கிறது. வார விடுமுறை நாளில் புறநோயாளிப் பிரிவு இருக்குமா என்று முன்கூட்டியே விசாரித்துவிட்டு, துணைக்கு ஒருவரைக் கூட்டிக்கொண்டு போகச் சொல்லுங்கள்.