ஈசானிய மூலையும் உப்புக் காற்றும்

ராமேஸ்வரம் போகும் வழியில் இருக்கிற மண்டபம் என்ற கடலோர ஊருக்குப் பக்கத்தில் தாத்தா விட்டுப்போன 11 சென்ட் நிலம். அதில் வீடு கட்டப்போகிறோம் என்று வாயைத் திறந்தது என் தப்பு. கூட்டுப் பட்டாவில் பெயர் இருக்கிற 7 பேருக்கும் 7 வரைபடம். சித்தப்பா பனைமட்டையால் மணலிலேயே கோடு கிழித்து, "ஈசானியத்தில் கிணறு, அக்கினி மூலையில் அடுப்படி" என்று வாஸ்து சொல்லி முடித்துவிட்டார். அந்த ஈசானியத்தில், அதாவது வடகிழக்கு மூலையில், தோண்டினால் வருவது கடல்நீருக்குத் தங்கச்சி! அதில் கான்கிரீட் கலக்கினால் உள்ளே கம்பி துருப்பிடித்து, வீங்கி, பூச்சைப் பிளந்துகொண்டு வெளியே எட்டிப்பார்க்கும். பழைய வீட்டு ஜன்னல் கம்பியைத் தொட்டால் அப்பளம் போல உதிர்கிறது. அதைக் காட்டியும் ஒருவரும் அசையவில்லை. நல்ல தண்ணீர் லாரிக்கு யார் பணம் தருவது என்று கேட்டால் மட்டும் எல்லோருக்கும் காது அடைத்துக்கொள்கிறது.

கடலோரத்தில் கட்டடம் கட்டுவதற்குக் கட்டுப்பாடு உண்டு, அதற்குக் கடலோர ஒழுங்குமுறை மண்டலம் என்று பெயர், அலை அதிகபட்சம் ஏறும் உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை என்று ஆரம்பித்தேன். "தாத்தா காலத்தில் கடல் இல்லையா?" என்கிறார் அத்தை. அவருக்குப் பூஜை அறை பெரிதாக வேண்டும். (பெங்களூரில் இருப்பவர்; வருடத்துக்கு ஒருமுறை வருவார்.)

நேற்று மாமா புது வரைபடம் அனுப்பியிருக்கிறார். அதில் கழிப்பறையே இல்லை.