கிரைண்டர் வாங்கியாச்சு, நிம்மதி போச்சு

வண்ணக் கண்ணாடித் துண்டுகளை வெட்டி இணைக்கும் ஸ்டெயின்ட் கிளாஸ் வேலைக்கு வீட்டில் ஒரு மூலை போதும் என்கிறார்கள். போதும்தான், அந்த மூலையைத் துடைக்கத் தனியாக ஒரு ஆள் இருந்தால்.

கிரைண்டர் என்றால் மாவு அரைப்பது இல்லை, கண்ணாடி ஓரத்தைத் தேய்ப்பது. அதில் சுழலும் பிட்டை, அதாவது வைரத்தூள் பூசிய சின்ன உருளையை, ஸ்பாஞ்ச் நனைத்துக்கொண்டே இருக்க வேண்டும். காய்ந்தால் கண்ணாடித் தூள் பறக்கும், ஓரம் சில்லுசில்லாகப் பெயரும். சரி, தண்ணீரை ஊற்றினால் சுவர், சட்டை, மூக்குக்கண்ணாடி எல்லாம் சாம்பல் நிறச் சேறு. அதைச் சிங்க்கில் கொட்டவும் கூடாது, குழாய் வளைவில் படிந்து அடைத்துக்கொள்ளும். வாளியில் தெளியவிட்டு, அடியில் தங்குவதை வழித்து, குப்பையில் போட வேண்டும். இதுவா பொழுதுபோக்கு? அப்புறம் அந்த பிட். அவ்வப்போது கழற்றி அச்சில் கிரீஸ் தடவாவிட்டால் துருவேறி இறுகிவிடும். கழற்றும் ஆலன் கீ வளையும், பிட் அசையாது.

ஆழமான உள்வளைவு வெட்ட ரிங் சா, அதாவது வளைய பிளேடு வைத்த மின் ரம்பம், வேண்டுமாம். அமெரிக்காவில் விற்பது 110, 120 வோல்ட். நம் வீட்டில் வருவதோ 230. நடுவில் அம்மிக்கல் கனத்தில் ஒரு டிரான்ஸ்ஃபார்மர். ரம்பத்துக்குச் சுங்கவரி கட்டி முடித்தால், பிளேடு தேய்ந்துவிடுகிறது. உதிரி பிளேடும் கப்பலேறித்தான் வர வேண்டும்.

“ஒரு லாம்ப் ஷேடாவது முடிந்ததா?” என்கிறார்கள் வீட்டில்.