பூமிக்கு ஒரு வாரம், சூரியனுக்கு 5.7 கோடி வருடம்

அக்கா பையன் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறான். போன ஞாயிற்றுக்கிழமை ஏதோ கார்ட்டூன் தொடர் பார்த்துவிட்டு நேராக அடுப்படிக்கு வந்தான். "மாமா, வில்லன் முதல்ல ஒரு கிரகத்தை உடைக்கிறான். அடுத்த எபிசோடுல நட்சத்திரத்தையே உடைக்கிறான். அதுக்கு இன்னும் கொஞ்சம் பவர் கூட வேணும், அவ்வளவுதானே?"

இந்த "இன்னும் கொஞ்சம்" பெரியவர்கள் மனதிலும் இருக்கிறது. நாம் எண்களைச் சொல்லிக்கொடுக்கும் விதம்தான் காரணம் என்று நினைக்கிறேன். பூமியைச் சிதறடிக்கத் தேவையான ஆற்றல் ஏறக்குறைய 2.5 பெருக்கல் 10-இன் அடுக்கு 32 ஜூல். சூரியனுக்கு 6.9 பெருக்கல் 10-இன் அடுக்கு 41. காகிதத்தில் பார்த்தால் 32-க்கும் 41-க்கும் ஒன்பதுதான் வித்தியாசம்; ஆனால் அடுக்கில் ஒன்று கூடினாலே பத்து மடங்கு. பிள்ளைகள் ஏமாந்துபோவதில் ஆச்சரியமே இல்லை.

முதலில், உடைப்பது வேறு, அழிப்பது வேறு. ஒரு கிரகத்தைத் துண்டு துண்டாக உடைத்துப் போட்டாலும், அந்தத் துண்டுகள் ஒன்றையொன்று இழுத்து மறுபடி உருண்டையாகச் சேர்ந்துவிடும். பூமி பிறந்த புதிதில் செவ்வாய் அளவுள்ள ஒரு கோள் வந்து மோதியதில்தான் நிலா உண்டானது என்பது இன்று பெரும்பாலானோர் ஏற்கும் கருத்து. அப்பேர்ப்பட்ட அடியை வாங்கியும் பூமி மறுபடி திரண்டு நிற்கிறது. ஆக, அழிப்பது என்றால் ஒவ்வொரு கிலோவையும் திரும்பி வராதபடி தூக்கி எறிய வேண்டும். பாறையின் கெட்டித்தனம் இதில் பெரிய விஷயமே இல்லை. ஈர்ப்பைத்தான் ஜெயிக்க வேண்டும்.

அடுப்புக்குக் கீழே இருந்த சிலிண்டரைக் காட்டினேன். பக்கத்தில் 25 கிலோ அரிசி மூட்டை. அந்த மூட்டை பூமியைவிட்டு ஒரேயடியாகப் போக நொடிக்கு 11.2 கிலோமீட்டர் வேகம் வேண்டும். காற்றின் தடையையும் வீணாகும் வெப்பத்தையும் விட்டுவிட்டுக் கணக்குப் போட்டால், 14.2 கிலோ சிலிண்டர் இரண்டரை போதும். அதே மூட்டை சூரியனின் மேற்பரப்பிலிருந்து தப்ப, நொடிக்கு 618 கிலோமீட்டர். வேகம் 55 மடங்கு, ஆற்றலோ அதன் வர்க்கம். சிலிண்டர் கிட்டத்தட்ட 7,000. இருவரும் தாளில் போட்டுப் பார்த்தோம். அவன் மறுபடி ஒருமுறை தானே போட்டுப் பார்த்தான்.

அப்புறம், சூரியனில் இருக்கும் மூட்டைகள் பூமியைப்போல 3,33,000 மடங்கு. இதைப் பெருக்கினாலே 100 கோடி மடங்கு வந்துவிடுகிறது. போதாததற்குச் சூரியனின் சரக்கு நடுவில் அடர்த்தியாகக் குவிந்திருப்பதால், கணக்கு 280 கோடி மடங்குக்குப் போகிறது.

இதைக் காலமாக மாற்றிச் சொன்னால்தான் மனதில் இறங்கும். சூரியன் எல்லாத் திசையிலும் கொட்டும் ஆற்றல் முழுவதையும் ஒரு சொட்டு விடாமல் பிடித்து வைக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். நிலாவைச் சிதறடிக்க ஐந்தரை நிமிடம். பூமிக்கு ஏழெட்டு நாள். வியாழனுக்கு 150 வருடத்துக்கு மேல். சூரியனையே சிதறடிக்க 5.7 கோடி வருடம்! டைனோசர்கள் மடிந்தே 6.6 கோடி வருடம்தான் ஆகிறது. பாடப்புத்தகத்தில் அந்த அடுக்கு எண்ணுக்குப் பக்கத்தில் இப்படி ஒரு வரி போட்டால் எத்தனை பிள்ளைகளுக்கு விளங்கும்!

சரி, அப்படியானால் நட்சத்திரத்தை யார்தான் அழிக்க முடியும்? அதுவேதான். 1930-இல் சென்னை மாநிலக் கல்லூரியில் படிப்பை முடித்து இங்கிலாந்துக்குக் கப்பலேறிய வானியற்பியலாளர் சந்திரசேகருக்கு அப்போது 19 வயது. அந்தப் பயணத்தில் அவர் போட்ட கணக்கிலிருந்து பிறந்ததுதான் வெண்குறு விண்மீனின் (எரிபொருள் தீர்ந்து சுருங்கிப்போன நட்சத்திரத்தின்) எடைக்கு ஓர் எல்லை உண்டு என்ற முடிவு. இன்று அதைச் சூரியனைப்போல 1.4 மடங்கு என்கிறோம். பக்கத்து நட்சத்திரத்திலிருந்து சரக்கை இழுத்து இழுத்து அந்த எல்லையை நெருங்கும் வெண்குறு விண்மீனுக்குள் கார்பன் அணுக்கரு இணைவில் பற்றிக்கொள்ளும். சில நொடிகளில் 10-இன் அடுக்கு 44 ஜூல் அளவுக்கு ஆற்றல் வெளிப்பட்டு, மொத்த நட்சத்திரமும் சிதறிவிடும். சூரியன் தன் ஆயுள் முழுக்கக் கொட்டும் ஆற்றலுக்குச் சமமானது இது. பெரிய நட்சத்திரங்களின் உள்ளகம் இடிந்து வெடிக்கும்போதுகூடப் பெரும்பாலும் நடுவில் ஒரு கட்டி மிஞ்சிவிடும். இதில் அதுவும் மிஞ்சாது.

1572 நவம்பரில் காசியோப்பியா விண்மீன் கூட்டத்தில் டென்மார்க் வானியலாளர் டைக்கோ பிராஹே பார்த்த "புதிய நட்சத்திரம்" இப்படி வெடித்த ஒன்றுதான். அதன் வாயு நொடிக்கு ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் வேகத்தில் இன்னும் விரிந்துகொண்டே போகிறது. எக்ஸ்ரே படத்தைப் போனில் எடுத்துக் காட்டினேன். ரொம்ப நேரம் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இது திரும்பிச் சேராதா மாமா?"

"சேராதுடா. 450 வருஷமா ஓடிக்கிட்டே இருக்கு."