இசைகுடிமானமும் காப்பிதானா?

"கத்தரிக்கோலும் கோந்துப் புட்டியும் இருந்தால் ஒரு வாரத்தில் எழுதிவிடலாம்." போன ஞாயிற்றுக்கிழமை விழாவில் நம் அரசியல் சட்டமே வெறும் காப்பி என்று மேடையில் பேசியவர் சொன்ன இந்த வரிக்கு எவ்வளவு கைதட்டல் விழுந்தது என்று வீடியோவில் பார்த்திருப்பீர்கள். மூன்றாவது வரிசையில் நீலச் சேலையில் கைதட்டாமல் உட்கார்ந்திருப்பது நான்தான். எழுந்து ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. பந்தியில் பால் பணியாரம் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்கு வந்தேன். கோபத்தில் பாதி என் மேலேதான்.

மீதிப் பாதி பிறந்த வீட்டு வாட்ஸ்அப் குழுவின் மேல். கட்டிக்கொடுத்த பெண்களையும் ஒரு மரியாதைக்கு அதில் சேர்த்து வைத்திருக்கிறார்கள். அந்த வீடியோவை மூன்று சிரிப்புப் பொம்மைகளோடு ஒருவர் போட, நான் நாலு வரி பதில் எழுதினேன். "ஆச்சி, உங்களுக்கெதுக்கு இந்தப் பொல்லாப்பு, நெய் உருண்டைப் பக்குவம் எழுதுங்க, நல்லாருக்கும்" என்று சித்தப்பா மகன் பதில் போட்டான். அதற்குப் பதினோரு பேர் கட்டைவிரல் உயர்த்தியிருந்தார்கள். எண்ணினேன். சரி, நெய் உருண்டை அடுத்த வாரம். இந்த வாரம் இது.

ஆமாம், சட்டம் எழுதியவர்கள் மற்றவர்களிடமிருந்து எடுத்திருக்கிறார்கள். வெள்ளைக்காரன் போட்ட 1935-ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து பக்கம் பக்கமாக எடுத்திருக்கிறார்கள். நாடாளுமன்ற முறைக்கு பிரிட்டன், வழிகாட்டு நெறிகளுக்கு அயர்லாந்து, அடிப்படை உரிமைகளுக்கு அமெரிக்கா. இதைத் தானே தோண்டி எடுத்த புதையல் மாதிரி அந்த மேடைப் பேச்சாளர் குரலைத் தாழ்த்திச் சொன்னாரே, அங்கேதான் எனக்குச் சிரிப்பு வந்தது. 1948 நவம்பர் 4-ஆம் தேதி வரைவை அரசியல் நிர்ணய அவையில் வைத்த அன்றே அம்பேத்கர் இதை எடுத்துப் பேசிவிட்டார். கடன் வாங்கியதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, அடிப்படைக் கருத்துகளுக்கு யாரும் காப்புரிமை வைத்திருக்கவில்லை என்றார். 1935 சட்டத்திலிருந்து எடுத்தவை பெரும்பாலும் நிர்வாக விவரங்களாக இருக்கின்றனவே என்ற வருத்தத்தையும் அவரே சொன்னார். வீணை இசைக்கு ஆசைப்பட்டோம், இங்கிலீஷ் பேண்டு வாத்தியம் கிடைத்திருக்கிறது என்று மைசூர்க்காரர் ஹனுமந்தையா அந்த அவைக்குள்ளேயே குத்திக் காட்டினார். ஆக, காப்பி என்கிற குற்றச்சாட்டே காப்பிதான்.

கல்யாணத்தன்று நகரத்தார் வீடுகளில் இசைகுடிமானம் என்று திருமண ஒப்பந்தம் எழுதுகிறோமே, அந்த வாசகத்தை யார் எழுதினார்கள்? என் கல்யாணத்தில் எழுதியதையும் என் அப்பத்தா கல்யாணத்தில் எழுதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறேன். ஊரும் பேரும் தேதியும் தொகையும்தான் வேறு. அதற்காக என் கல்யாணம் காப்பியா? அந்த ஒரு தாளுக்கு முன்னால் எத்தனை நாள் பேச்சு, எத்தனை தடவை ஆள் போய் வந்தது, எந்த முறைக்கு எவ்வளவு என்று எத்தனை இழுபறி! வாசகம் பழசு. பேசி முடித்தது புதுசு. நான் சொல்ல வந்தது இவ்வளவுதான், ஆனால் இதை இவ்வளவோடு விட்டால் அந்தப் பதினோரு பேருக்கும் போதாது.

பேசி முடிப்பது லேசா? எங்கள் பிறந்த வீட்டுக்கு 22 புள்ளி, அதாவது கோயில் கணக்குப்படி கல்யாணமான 22 குடும்பம். இரண்டாம் கட்டில் ஓடு சரிந்து மழைத் தண்ணீர் உள்ளே இறங்கியது. மாற்ற வேண்டும் என்பதில் ஒருவருக்கும் மறுப்பில்லை. பழைய ஓடே தேடிப் போடுவதா, புள்ளிக்கு எவ்வளவு, சிங்கப்பூரில் இருப்பவருக்கும் கோட்டையூரில் இருப்பவருக்கும் ஒரே வரியா, அறையைப் பூட்டிவிட்டுப் போனவர் ஏன் தர வேண்டும்? நாலு வருஷம் ஓடியது. ஒரு கூட்டத்திலிருந்து அப்பச்சி, என் அப்பாதான், செருப்பை மறந்து வெறுங்காலோடு வந்தார், அவ்வளவு கோபம். இத்தனைக்கும் எல்லோரும் ஒரே கோயில், ஒரே பாட்டையாவின் வாரிசுகள். உப்பு போடுவதுகூட ஒரே அளவு.

அரசியல் நிர்ணய அவையில் என்ன நிலைமை? 1946 டிசம்பர் 9-ல் கூடினார்கள், 1949 நவம்பர் 26-ல் முடித்தார்கள். நடுவில் நாடு இரண்டானது, லட்சக்கணக்கில் மக்கள் செத்தார்கள், காந்தியைச் சுட்டுவிட்டார்கள், ஐந்நூறுக்கு மேற்பட்ட சமஸ்தானங்களை ஒன்றொன்றாகச் சேர்க்க வேண்டியிருந்தது. வந்த திருத்தங்கள் 7,635. அவையில் எடுத்துப் பேசியவை 2,473. கத்தரிக்கோல் வேலைக்கு எதற்கு ஐயா இத்தனை திருத்தம்?

நம் பக்கத்திலிருந்து காமராஜரும் மேலூர்ப் பக்கத்துக் கக்கனும் அங்கே உட்கார்ந்திருந்தார்கள். காயிதே மில்லத் முஸ்லிம்களுக்குத் தனி வாக்காளர் தொகுதி வேண்டும் என்று வாதாடினார், தோற்றார், ஆனாலும் இங்கேயே இருந்து தேர்தலில் நின்று ஜெயித்தார். இந்தி ஏகாதிபத்தியம் என்று டி.டி.கிருஷ்ணமாச்சாரி எச்சரித்தார். கடைசியில் இந்தி ஆட்சிமொழி, 15 வருஷத்துக்கு ஆங்கிலமும் என்று ஒரு சமரசம். அது முழுசாய்த் தீராத கணக்கு என்று 1965-ல் தெரிந்தது. தீராத கணக்கு எந்தப் பேரேட்டில் இல்லை?

அப்புறம் அந்த மேடைப் பேச்சாளரின் இன்னொரு வரி. அம்பேத்கரை "பெயருக்குப் போட்டார்கள்" என்றாரே, அது. வரைவுக் குழுவில் ஏழு பேர். ஒருவர் விலகினார், ஒருவர் இறந்துபோனார், ஒருவர் அமெரிக்காவில் இருந்தார், ஒருவர் அரசாங்க வேலையில் மூழ்கிவிட்டார், உடம்பு முடியாமல் டெல்லிக்குத் தூரமாக இருந்தவர்களும் உண்டு. கடைசியில் பாரம் முழுவதும் அம்பேத்கர் தலையில்தான் விழுந்தது என்று அவையில் சொன்னவர் அதே டி.டி.கே. முதல் வரைவை எழுதிய பி.என்.ராவுக்கும், தலைமை வரைவாளர் எஸ்.என்.முகர்ஜிக்கும் பெயர் சொல்லி நன்றி சொன்னவர் அம்பேத்கர். உழைத்தவர் மற்றவர்கள் பெயரைச் சொன்னார். எழுபத்தைந்து வருஷம் கழித்து மாலை வாங்கிக்கொண்ட ஒருவர் உழைத்தவர் பெயரை அழிக்கிறார். எது உறுத்துகிறது என்று எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும். பந்தியில் யாரும் பேசமாட்டார்கள், அவ்வளவுதான்.

"பர்மாவில் சொத்தை விட்டுட்டு வந்த குடும்பத்துக்கு இந்தச் சட்டம் என்ன செஞ்சுச்சு" என்று ஒருவர் கேட்பார், தெரியும். ஐயாவை, அதாவது அப்பத்தாவின் கணவரை, நான் பார்த்ததில்லை. பர்மாவில் பெகுவுக்குக் கொண்டுவிக்க, அதாவது தொழில் பார்க்க, போய், 1942-ல் நடையும் வண்டியுமாகத் திரும்பும்போது அவர் கொண்டுவந்த தகரப் பெட்டியைப் பார்த்திருக்கிறேன். உள்ளே நிலப் பத்திரங்கள், பர்மிய எழுத்தில். பர்மாவும் அதே நேரத்தில்தான் சட்டம் எழுதியது. நம் பி.என்.ராவ் அவர்களுக்கும் ஆலோசனை சொன்னார். 1947 ஜூலையில் அவர்கள் தலைவர் ஆங் சானையும் சகாக்களையும் சுட்டுக் கொன்றார்கள், செப்டம்பரில் சட்டத்தை நிறைவேற்றிவிட்டார்கள். சில மாதங்களில் முடிந்த வேலை. 1949-லேயே அங்கிருந்த கரேன் இனத்தார் ஆயுதம் எடுத்துவிட்டார்கள், 1962-ல் ராணுவம் வந்து அந்தத் தாளையே கிழித்துப் போட்டது. அவசரத்தால் மட்டும்தான் அப்படி ஆனது என்று சொல்லமாட்டேன். ஆனால் ஒரு வாரத்தில் எழுதலாம் என்பவரை அந்தப் பக்கம் ஒரு நடை போய்ப் பார்த்து வரச் சொல்வேன்.

எல்லா நிலத்துக்கும் கடைசி உடைமையாளர் அரசுதான் என்று பர்மாக்காரர்கள் தங்கள் சட்டத்தில் எழுதினார்கள். பெட்டியில் இருந்த பத்திரமெல்லாம் வெறும் தாளானது. அநியாயம் என்று கேட்டே வளர்ந்தேன். இப்போது அப்படி அடித்துச் சொல்ல வாய் வரவில்லை. முப்பதுகளில் நெல் விலை விழுந்து, கடனுக்கு நிலம் எங்கள் கைக்கு வந்ததே, அந்தப் பர்மிய விவசாயியின் வீட்டிலும் ஒரு பெட்டி இருந்திருக்கும். இதற்கும் குழுவில் திட்டு விழும். விழட்டும்.

இன்னொன்று, இதை மட்டும் ஒப்புக்கொள்கிறேன்: நம் அரசியல் நிர்ணய அவையை எல்லோரும் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கவில்லை. சொத்தும் படிப்பும் இருந்தவர்கள் போட்ட ஓட்டில் மாகாண சபைக்கு வந்தவர்கள்தான் இவர்களில் பெரும்பாலோரை அனுப்பினார்கள். உண்மை. ஆனால் அப்படி வந்தவர்கள் 21 வயதான எல்லோருக்கும் ஓட்டு என்று எழுதிவிட்டுப் போனார்கள். சொத்து கேட்கவில்லை, படிப்பு கேட்கவில்லை. எங்கள் வீட்டு 22 புள்ளியும் சேர்ந்து நாலு வருஷம் கூட்டம் போட்டார்களே, ஒரு பெண்ணையாவது கூப்பிட்டார்களா? அந்த அவையில் 15 பெண்கள் இருந்தார்கள்.

முதல் தேர்தலுக்குப் பட்டியல் எடுத்தபோது வடக்கே 28 லட்சம் பெண்களின் பெயர் விட்டுப்போனது. இன்னார் மனைவி, இன்னார் மகள் என்றார்களே தவிர சொந்தப் பெயரைச் சொல்ல மாட்டேன் என்றார்களாம். எங்கள் அப்பத்தா கதை வேறு. ஐயா 1950-லேயே தவறிவிட்டார். கோயில் கணக்கில், கணவரை இழந்த அப்பத்தா அப்போது அரைப்புள்ளி. வீட்டுக்கு ஆள் வந்து கேட்டபோது தன் பெயரைச் சொல்லிவிட்டார். கணவர் பெயர் கேட்டதும் மட்டும் வாயைத் திறக்கவில்லை. முகப்பில் தொங்கிய பெயர்ப் பலகையைக் கைகாட்டினாராம். வந்தவர் எழுதி முடித்ததும், "என் பேருக்குப் பின்னால ஆச்சின்னு போட்டுக்கப்பா" என்றாராம். அவரும் போட்டார்.

1952 ஜனவரியில் கூண்டு வண்டியில் போய் ஓட்டுப் போட்டார். அப்போதெல்லாம் ஒவ்வொரு வேட்பாளருக்கும் சின்னம் ஒட்டிய தனிப் பெட்டி. மறைப்புக்குள் போய் எல்லாப் பெட்டியையும் ஒரு தடவை தொட்டுப் பார்த்தேன் என்பார். எதில் போட்டீர்கள் அப்பத்தா என்று எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். கடைசிவரை சொல்லவில்லை.