கார் ஏசிக்கு நீங்களே கேஸ் ஏற்றாதீர்கள்

கத்திரி வெயில் தொடங்கியதுமே, 'ஐந்தே நிமிடத்தில் நீங்களே கார் ஏசிக்கு கேஸ் ஏற்றலாம்' வகை வீடியோக்கள் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்ற ஆரம்பித்துவிடும். ஒரு டின், ஒரு ஹோஸ், ஒரு சின்ன மீட்டர், அவ்வளவுதான். ஆன்லைனில் ஆர்டர் போட்டால் வீட்டுக்கே வந்துவிடுகிறது. தயவுசெய்து இதில் இறங்காதீர்கள். ஏன் என்று கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

ஏசி கேஸ் பெட்ரோல் மாதிரி ஓட ஓடத் தீர்ந்துபோகிற சாமான் இல்லை. மூடிய குழாய்க்குள் அதே கேஸ்தான் திரும்பத் திரும்பச் சுற்றுகிறது. ரப்பர் ஹோஸ் வழியாகவும் கம்ப்ரஸர் சீல் வழியாகவும் வருடத்துக்குக் கொஞ்சம் கசியும், உண்மைதான். ஆனால் போன கோடையில் ஏற்றிய கேஸ் இந்தக் கோடையில் இல்லை என்றால் எங்கோ ஓட்டை இருக்கிறது என்று அர்த்தம். குழாய் இணைப்பில் இருக்கும் ரப்பர் வளையம் (ஓ-ரிங்) காய்ந்திருக்கலாம், வண்டியின் முன்பக்கம் சூட்டை வெளியேற்றும் கண்டென்சரில் கல் அடித்திருக்கலாம், டேஷ்போர்டுக்குள் இருக்கும் கூலிங் காயில் அரித்திருக்கலாம். நீங்கள் ஏற்றும் டின் அதே ஓட்டை வழியாக வெளியே போகும். பெரும்பாலான வண்டிகளில் இருக்கும் ஆர்-134ஏ என்ற ஏசி கேஸ் ஒரு கிலோ வெளியேறினால், நூறு ஆண்டுக் கணக்கில் சுமார் 1,400 கிலோ கரியமில வாயு வெளியிட்டதற்குச் சமமான வெப்பம் பூமிக்கு ஏறுகிறது. வெயில் தாங்காமல்தானே ஏசியே போடுகிறோம்!

அடுத்தது அளவு. பானட்டுக்கு அடியில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும், எத்தனை கிராம் கேஸ் என்று அதில் போட்டிருக்கும். சின்னக் கார்களில் பெரும்பாலும் 400 கிராமை ஒட்டித்தான். உள்ளே ஏற்கெனவே எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று தெரியாமல் மேலே எவ்வளவு ஏற்றுவீர்கள்? 'மீட்டர்தான் இருக்கிறதே, பச்சைக் கோடு வரைக்கும் ஏற்றினால் சரி' என்பார்கள். அந்த மீட்டர் காட்டுவது அழுத்தத்தை, அளவை அல்ல. வண்டி நிற்கும்போது, உள்ளே கொஞ்சமாவது திரவ நிலையில் கேஸ் இருக்கும்வரை, அழுத்தத்தை முடிவு செய்வது வெப்பநிலைதான். 35 டிகிரியில் சுமார் 114 பிஎஸ்ஐ. 100 கிராம் இருந்தாலும் அதுதான், 400 கிராம் இருந்தாலும் அதுதான். ஏசி ஓடும்போதோ வெளி வெயில், ஃபேன் வேகம், இன்ஜின் வேகம் எல்லாவற்றுக்கும் ஏற்ப முள் ஆடும். அதனால்தான் இருக்கிற கேஸை முழுக்க எடுத்துவிட்டு, தராசில் வைத்து நிறுத்து ஏற்ற வேண்டும் என்கிறேன்.

அதிகமானால் என்ன ஆகும்? குளிர்ச்சி குறையும். இதைப் பலர் நம்புவதே இல்லை. கேஸ் பத்தவில்லை என்று நினைத்து இன்னொரு டின்னையும் ஏற்றிவிடுவார்கள். டின்னைத் தலைகீழாகப் பிடித்தால் திரவமாகவே உள்ளே போகும். கம்ப்ரஸர் ஆவியை அழுத்துவதற்காக மட்டுமே செய்யப்பட்டது, திரவத்தை அழுத்த முடியாமல் உள்ளே அடிபடும். குழாயில் காற்று புகுந்திருந்தால் அதோடு ஈரமும் இருக்கும். அந்த ஈரம், கேஸ் விரிந்து குளிரும் குறுகலான எக்ஸ்பான்ஷன் வால்வில் ஐஸாக அடைக்கும், ஆயிலோடு சேர்ந்து அமிலமாகும். வாக்குவம் பம்ப் போட்டு இழுக்காமல் அது போகாது. டின்னோடு வரும் ஆயிலும் எல்லா வண்டிக்கும் ஒத்துவராது. ஹைபிரிட், எலெக்ட்ரிக் கார்களின் மின் கம்ப்ரஸருக்கு வேறு வகை ஆயில். மற்ற கார் ஏசிகளில் வழக்கமாக ஊற்றும் பேக் (PAG) ஆயில் அதில் கலந்தால் மின்காப்பே கெடும். சில நூறு ரூபாய் மிச்சம் பிடிக்கப் போய்ப் பல ஆயிரம் ரூபாய் கம்ப்ரஸரில் போய் நிற்கும்.

பணம் போனால் சம்பாதித்துக்கொள்ளலாம். எனக்கு உண்மையான பயம் உடம்பை நினைத்துத்தான். இந்த கேஸ் வெளிக்காற்றில் மைனஸ் 26 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகிவிடும். ஹோஸ் நழுவிக் கையில் பட்டால் தோல் உறையும், கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். வெயிலில் ஏசி ஓடும்போது ஹை சைடில், அதாவது கம்ப்ரஸர் அழுத்தி வெளியே தள்ளும் பக்கத்தில், 200, 250 பிஎஸ்ஐ சாதாரணம். வண்டி ஓடும்போது டின்னையும் ஏசி குழாய்களையும் இணைக்கும் மீட்டர் செட்டில் (மேனிஃபோல்டு) பக்கம் மாறி வால்வைத் திறந்தால் அந்த அழுத்தம் அப்படியே டின்னுக்குள் திரும்பும். கையில் பிடித்திருக்கும் டின் வெடிக்கலாம். கேஸ் வேகமாக இறங்கட்டும் என்று டின்னைக் கொதிக்கிற தண்ணீரில் வைப்பவர்களும் உண்டு. 80 டிகிரியில் உள்ளே 350 பிஎஸ்ஐக்கு மேல் போய்விடும்.

டின்னுக்குள் இருப்பது என்ன என்பதும் கேள்விதான். 2011-இல் வியட்நாமிலும் பிரேசிலிலும் கப்பலில் போகும் குளிர்சாதனக் கன்டெய்னர்கள் வெடித்து மூன்று பேர் இறந்தார்கள். ஏற்றியிருந்த போலி கேஸில் மெத்தில் குளோரைடு கலந்திருந்தது. அது அலுமினியத்தோடு சேர்ந்தால், காற்று பட்டாலே தீப்பிடிக்கும் ஒரு பொருள் உருவாகும். உங்கள் காரின் கண்டென்சரும் கூலிங் காயிலும் அலுமினியம்தான். விலை குறைவு என்று சமையல் கேஸ் வகையறாவை ஏற்றினாலோ, காயில் கசிந்தால் அது வருவது குழந்தைகள் உட்கார்ந்திருக்கும் கேபினுக்குள்.

ஜனங்கள் டின்னைத் தேடிப் போவதற்குக் காரணம் ஏசி ரிப்பேர்க் கடைக்காரர்கள்தான் என்பதையும் சொல்லியாக வேண்டும். ஓட்டையைத் தேடாமல் 'கேஸ் இல்ல சார், ஏத்திடலாம்' என்று வருடா வருடம் காசு வாங்கினால், அதை நானே செய்துகொள்கிறேனே என்று யாருக்கும் தோன்றத்தான் செய்யும். தராசு இல்லாமல் மீட்டரை மட்டும் பார்த்து ஏற்றும் கடையும் வீட்டு வாசலில் டின் பிடிப்பவரும் செய்வது ஒரே வேலைதான்.

நீங்களே செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. கேபின் ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள், தூசி அடைத்தாலே காற்று வராது. கண்டென்சரில் சேர்ந்த மண்ணை, வண்டி ஆறிய பிறகு, மெதுவாகத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். ஏசி போட்டதும் முன்னால் ஃபேன் சுற்றுகிறதா என்று பாருங்கள், கையை மட்டும் கிட்டே கொண்டுபோகாதீர்கள். இதிலேயே சரியாகிவிடும் வண்டிகள் உண்டு.

அப்படியும் குளிரவில்லை என்றால் கடைக்குப் போங்கள். நைட்ரஜன் அடித்து லீக் பார்ப்பீர்களா, வாக்குவம் எவ்வளவு நேரம் இழுப்பீர்கள், ஸ்டிக்கரில் உள்ள கிராமை நிறுத்து ஏற்றுவீர்களா என்று கேளுங்கள். மழுப்பினால் வண்டியை எடுத்துக்கொண்டு அடுத்த கடைக்குப் போய்விடுங்கள்.