சின்னம்மாவின் ‘ஆனால்’ எங்கே போனது?

மூன்று நாட்களாக எழுதலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். இன்று காலை உறவினர் ஒருவர் அந்த வீடியோவை மறுபடியும் குடும்பக் குழுவில் போட்டு, “உங்கள் சின்னம்மா இப்படிப் பேசலாமா?” என்று கேட்டிருக்கிறார். இனியும் வாயை மூடிக்கொண்டிருந்தால் நானும் உடந்தை என்றாகிவிடும்.

என்ன நடந்தது என்பது இங்கே பெரும்பாலோருக்குத் தெரியும். போன வாரம் எங்கள் ஊரில் நடந்த விசைத்தறிக் கூலி உயர்வுக் கூட்டம், அதற்கு வந்த இரண்டு சேனல்கள், சின்னம்மாவின் பேட்டி, அன்று இரவே ஓடிய இரண்டு துண்டுகள். முழுக்கதையையும் மறுபடி சொல்லப்போவதில்லை. ஆனால் அந்தப் பேட்டி எடுத்தபோது நான் பக்கத்தில் நின்றிருந்தேன். அதனால் சிலவற்றைச் சொல்லும் கடமை எனக்கு இருக்கிறது.

தறிக்குடோன் வாசலில்தான் மைக்கை நீட்டினார்கள். உள்ளே எட்டுத் தறிகளில் ஆறு ஓடிக்கொண்டிருந்தன. சத்தத்தில் பேச்சு பதியாது என்று நிருபர் தம்பி சொன்னதும், சின்னம்மாவே உள்ளே போய் ஒவ்வொரு தறியாக நிறுத்திவிட்டு வந்தார். நின்ற தறிக்குக் கூலி கிடையாது. அது அவருக்குத் தெரியாததல்ல. தலைமுடியில் ஒட்டியிருந்த பஞ்சைத் தட்டிவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “கேளுங்கள் கண்ணு” என்றார். சித்தப்பா இறந்து ஒன்பது வருடங்களில் அவரிடம் வந்து யாரும் கருத்துக் கேட்டதில்லை. நான்கு நிமிடம் பேசினார். நடுவே ஓரிடத்தில் சொன்னது இது:

“ஆயிரம் யூனிட் மின்சாரம் இலவசமாகத் தருகிறார்கள், அது இல்லாவிட்டால் எப்போதோ கதவைச் சாத்தியிருப்போம், ஆனால் பேசிய கூலி கைக்கு வரவில்லை, இப்படியே போனால் தறியை எடைக்குப் போடுவதைத் தவிர வேறு வழியில்லை.”

ஒரு சேனல் ‘கதவைச் சாத்தியிருப்போம்’ என்பதோடு நிறுத்திக்கொண்டது. கீழே ‘அரசுக்கு மூதாட்டி நெகிழ்ச்சி நன்றி’ என்று எழுத்து ஓடியது. இன்னொரு சேனல் ‘இப்படியே போனால்’ என்பதிலிருந்து தொடங்கியது. அங்கே ‘அரசைச் சாடிய மூதாட்டி’. முதல் சேனலின் விளம்பரத்தில் ‘நடுநிலை’ என்ற சொல் ஒரு நாளைக்கு நூறு முறையாவது வரும். இரண்டாவது சேனலின் விளம்பரத்தில் ‘உண்மை’ என்ற சொல்.

இரண்டு பேருமே பொய் சொல்லவில்லை. “அந்த அம்மாதானே சொன்னார், அவர் வாயிலிருந்து வந்ததுதானே” என்று இருவருமே கேட்கலாம். எனக்கு வலிப்பது அதுதான். ‘ஆனால் பேசிய கூலி கைக்கு வரவில்லை’ என்ற நடுத் துண்டை இரண்டு பேருமே வெட்டி எறிந்திருக்கிறார்கள். கூட்டம் நடந்ததே அந்த நடுத் துண்டுக்காகத்தான்.

ஆயிரம் யூனிட் என்பது விசைத்தறிக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கிடைக்கும் சலுகை. 2023 வரை 750 யூனிட்டாக இருந்தது. அது பெரிய உதவி, சின்னம்மா மனசாரச் சொன்னார். கூலிக் கதை வேறு. 2014-இல் போட்ட ஒப்பந்தக் கூலியே முழுதாகக் கிடைக்கவில்லை என்று தொடங்கிய சண்டை இது. 2021 நவம்பரில் சோமனூர் ரகத் துணிக்கு 23 சதவீதம், மற்ற ரகங்களுக்கு 20 சதவீதம் கூலி உயர்வு என்று அமைச்சர்கள் முன்னிலையில் பேசி அறிவித்தார்கள். சொன்னபடி கொடுக்கவில்லை என்று 2022 ஜனவரியில் வேலைநிறுத்தம். 2025 மார்ச் 19-ஆம் தேதி தொடங்கி, ஏறத்தாழ ஒரு மாதம் கோவை, திருப்பூர் மாவட்டங்களில் லட்சத்துக்கும் மேற்பட்ட தறிகள் மறுபடியும் நின்றன. தறியில் நீளவாக்கில் ஏற்றும் பாவும் குறுக்கே ஓடும் நூலும் கொடுத்துத் துணியாக வாங்கிக்கொள்ளும் உற்பத்தியாளருக்கும், கூலிக்கு நெய்து கொடுப்பவருக்கும் இடையிலான வழக்கு இது. ஆளும் கட்சியைப் புகழவும் இது உதவாது, திட்டவும் உதவாது. எந்தக் கட்சிக்கும் பயன்படாத வாக்கியம் என்பதால்தான் அது இரண்டு சேனல்களிலிருந்தும் காணாமல் போனது என்று நான் நம்புகிறேன். என் நம்பிக்கை தவறு என்றால், வெட்டியவர்கள் வேறு காரணம் சொல்லட்டும்.

இதைத்தான் நான் பக்கச்சார்பு என்கிறேன். ஊடகச் சார்பு என்றால் யாரைத் திட்டுகிறார்கள், யாரைப் பாராட்டுகிறார்கள் என்று மட்டும் நாம் கணக்குப் பார்க்கிறோம். யாருடைய வாக்கியம் வெட்டப்பட்டது என்று பார்ப்பதில்லை.

கட்சிச் சேனல்களைத் திட்டி எழுதுவதாக நினைக்காதீர்கள். தமிழ்நாட்டில் அது பழைய கதை. முரசொலியை வாங்குகிறவர் அது யாருடைய பத்திரிகை என்று தெரிந்தேதான் வாங்குகிறார். தீக்கதிரை வாங்குகிறவரும் அப்படித்தான். 1993-இல் சன் டிவி வந்தது, பிறகு ஜெயா டிவி வந்தது. 2007-இல் கருணாநிதி குடும்பத்துக்குள் மனத்தாங்கல் வந்தபோது கலைஞர் டிவி வந்தது. அதே வருடம்தான் அரசு கேபிள் நிறுவனமும் பிறந்தது. சமாதானமானதும் அது படுத்துக்கொண்டது, 2011-இல் ஆட்சி மாறியதும் எழுந்து உட்கார்ந்தது. மக்கள், மெகா, கேப்டன், நியூஸ் ஜெ என்று ஒவ்வொன்றும் யார் பக்கம் என்று எங்கள் ஊர் டீக்கடையில் சின்னப் பையன்கூடச் சொல்லிவிடுவான். அந்தச் சேனலைப் பார்க்கும்போதே அவன் மனதில் கொஞ்சம் கழித்துக்கொள்கிறான். நடுநிலை என்று பலகை மாட்டியிருக்கும் இடத்தில் யாரும் கழித்துப் பார்ப்பதில்லை. நம்பிவிடுகிறார்கள். எங்கள் உறவினர் நம்பிவிட்டார்.

அப்பா உயிரோடு இருந்த காலத்தில் டீக்கடையில் இரண்டு பேப்பரையும் முடித்த பிறகுதான் பேசத் தொடங்குவார். ஒன்றை மட்டும் படித்துவிட்டு எவராவது சத்தம் போட்டால், “மற்றதையும் படித்துவிட்டு வா சாமி, நான் இங்கேதான் இருப்பேன்” என்பார். 1970 ஜூன் 19-ஆம் தேதி, மின் கட்டணத்தில் ஒரு பைசா உயர்வை எதிர்த்துப் போராடிய விவசாயிகளில் மூன்று பேர் பெருமாநல்லூர் துப்பாக்கிச்சூட்டில் இறந்தபோது அப்பாவுக்கு இருபத்திரண்டு வயது. கிடைத்த பேப்பரிலெல்லாம் அந்தச் செய்தியைத் தேடித் தேடிப் படித்ததாகச் சொல்வார். “ஒரு பைசாவுக்காகச் செத்தார்கள் என்று எழுதுகிறவனும் உண்டு, அந்த ஒரு பைசா விவசாயிக்கு எவ்வளவு என்று எழுதுகிறவனும் உண்டு. இரண்டாமவனைத் தேடிப் படி” என்பார். சின்னம்மாவின் வீடியோவைப் பார்த்த இரவு அந்த இரண்டாமவனைத்தான் ஒவ்வொரு சேனலாக மாற்றி மாற்றித் தேடினேன்.

இப்போது சிலர் என்ன எழுதுவார்கள் என்று எனக்குத் தெரியும்.

“நீங்கள் அந்தக் கட்சிக்காரர், அதனால்தான் கோபப்படுகிறீர்கள்.” எந்தக் கட்சி? முதல் சேனலைக் குறை சொன்னதால் ஒரு பக்கம், இரண்டாவதைக் குறை சொன்னதால் மறு பக்கம் என்று இதற்குள் இரண்டு பட்டங்களும் எனக்குக் கிடைத்துவிட்டன. என் ஓட்டு யாருக்கு என்று இங்கே நிரூபித்த பிறகுதான் என் சின்னம்மாவுக்காகப் பேச முடியும் என்றால், நாம் எவ்வளவு தூரம் வந்துவிட்டோம்?

“நான்கு நிமிடப் பேட்டியை அப்படியே போட முடியுமா?” போட வேண்டாம். அந்த ஒரு வாக்கியத்தை என் கைப்பேசியில் ஓடவிட்டு அளந்தேன். பதினைந்து விநாடிதான். அதே செய்தியில் கூட்டத்துக்கு வந்த கட்சிப் பிரமுகர்கள் காரைவிட்டு இறங்கும் காட்சி அதைவிட நீளம்.

“வடக்கே இருக்கும் சேனல்களைப் பார்த்தால் இங்கே எவ்வளவோ பரவாயில்லை.” பக்கத்து வீடு எரிகிறது என்பதற்காக என் கூரையில் விழுந்த தீப்பொறியை நான் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

“இப்போதுதான் சமூக ஊடகம் இருக்கிறதே, நீங்களே போட வேண்டியதுதானே?” போட்டேன். என் பதிவைப் பார்த்தவர்கள் எத்தனை பேர், சேனலின் துண்டைப் பார்த்தவர்கள் எத்தனை பேர் என்று நீங்களே பாருங்கள். எங்கள் குடும்பக் குழுவுக்கே என் வீடியோ வந்து சேரவில்லை, சேனலின் துண்டு மூன்று முறை வந்துவிட்டது.

ஒரு கேள்வியை மட்டும் என்னால் எளிதாகத் தள்ள முடியவில்லை. சேனல் நடத்தப் பணம் வேண்டும், அரசு விளம்பரம் வேண்டும், கேபிளில் நல்ல இடம் வேண்டும், இதற்கெல்லாம் யாரையாவது அனுசரித்துத்தானே ஆக வேண்டும் என்கிறார் நண்பர் ஒருவர். அவர் சொல்வது நடைமுறை உண்மை. கோவையில் 2018 ஜூன் மாதம் நடந்த ஒரு தொலைக்காட்சி வட்டமேசை விவாதத்துக்குப் பிறகு என்ன ஆனது என்று நினைவிருக்கிறதா? பேசியவர்கள் மீது மட்டுமல்ல, நிகழ்ச்சி நடத்திய புதிய தலைமுறை சேனல் மீதும் வழக்குப் போட்டார்கள். அரசு கேபிளில் அந்தச் சேனல் பின்வரிசைக்குத் தள்ளப்பட்டதாகச் செய்தி வந்தது. 2020 ஏப்ரலில், ஊரடங்கின்போது, அரசு நிர்வாகத்தைக் குறைசொல்லும் செய்திகளை வெளியிட்டதற்காகக் கோவையில் ஓர் இணையச் செய்தித் தளத்தின் நிறுவனரைக் கைது செய்தார்கள். அப்போது ஆண்டது ஒரு கட்சி. 2024 ஜனவரியில், ஆட்சி மாறிய பிறகு, பல்லடம் பக்கத்தில் ஒரு தொலைக்காட்சிச் செய்தியாளரை வெட்டினார்கள். ஆட்கள் பின்தொடர்கிறார்கள், காப்பாற்றுங்கள் என்று அவர் காவல்துறைக்குப் போன் செய்து கெஞ்சிக்கொண்டிருந்தபோதே அது நடந்தது. அந்தப் போன் உரையாடலை நான் முழுதாகக் கேட்டேன், அன்று இரவு தூக்கம் வரவில்லை.

அதனால்தான் சொல்கிறேன், என் கோபம் மைக் பிடித்து வந்த அந்தத் தம்பி மீது இல்லை. வெயிலில் ஒரு பழைய பைக்கில் வந்தான், சின்னம்மா கொடுத்த மோரைக் குடித்தான், நான்கு நிமிடமும் மரியாதையாகக் கேட்டான். தாலுகாவில் ஓடியாடும் பல நிருபர்களுக்கு ஒழுங்கான சம்பளமே கிடையாது. செய்தியும் தர வேண்டும், தீபாவளி மலருக்கு விளம்பரமும் பிடித்துத் தர வேண்டும். வெட்டுப்படுகிறவர்கள் அவர்கள். குளிர்சாதன அறையில் உட்கார்ந்து ‘ஆனால்’ என்ற சொல்லுக்கு முன்னால் கத்தரிக்கோலை வைத்தவர் வேறு. அவருக்குச் சோமனூர் ரகம் என்றால் என்ன என்று தெரிந்திருக்காது. தெரிந்துகொள்ள வேண்டும் என்று தோன்றியும் இருக்காது.

நம்மைப் பற்றி அவர்களுக்கு என்னதான் தெரியும்? கொங்கு என்றால் ஒரு கோட்டை. யார் கோட்டை, யார் பிடிப்பார், யார் விட்டார் என்ற விவாதம். எந்தச் சாதி ஓட்டு எந்தப் பக்கம் என்ற கணக்கு. தேர்தல் வந்தால் நாற்பது நாள் நம் ஊர்ப் பெயரெல்லாம் திரையில் ஓடும், பிறகு ஐந்து வருடம் ஓடாது. அத்திக்கடவு அவிநாசித் திட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். எத்தனை வருடக் கோரிக்கை, எத்தனை பேர் உண்ணாவிரதம் இருந்தார்கள். 2019-இல் ஒரு முதல்வர் அடிக்கல் நாட்டினார், 2024 ஆகஸ்ட் 17-ஆம் தேதி இன்னொரு முதல்வர் தொடங்கிவைத்தார். அன்று நான் பார்த்த விவாதங்களிலெல்லாம் இது யார் கொண்டுவந்த திட்டம் என்றே கத்தினார்கள். 1,045 குளம் குட்டைகளில் எதற்குத் தண்ணீர் வந்தது, எது இன்னும் காய்ந்து கிடக்கிறது என்று எந்தச் சேனலாவது கரையில் நின்று காட்டியதா? நான் பார்க்கவில்லை. யாராவது பார்த்திருந்தால் சொல்லுங்கள், மகிழ்ச்சியாகத் திருத்திக்கொள்கிறேன்.

அலைவரிசை பொதுச்சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995-இல் சொன்னது. அரசியல் கட்சிகள் ஒளிபரப்புத் தொழிலில் இருக்கக் கூடாது என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2014-இல் பரிந்துரை செய்தது. நான் அவ்வளவு பெரிய விஷயம் எதையும் கேட்கவில்லை. நீங்கள் யார் பக்கம் என்று சொல்லிவிட்டு நடத்துங்கள், நாங்கள் கழித்துப் பார்த்துக்கொள்கிறோம். அல்லது நடுநிலை என்றால், ஒரு வயதான பெண்மணி சொன்ன வாக்கியத்தை முடியும்வரை விடுங்கள். இது பெரிய கோரிக்கையா?

வீடியோ ஓடிய மறுநாள் இரண்டு கட்சிக்காரர்களும் சின்னம்மா வீட்டுக்கு வந்தார்கள். ஒருவர் “அம்மிணி, நம் ஆட்சியை இப்படிச் சொல்லிவிட்டாயே” என்றார். இன்னொருவர், காசு வாங்கிக்கொண்டு நன்றி சொன்னாயா என்று கேட்டார். சின்னம்மாவிடம் காசு என்ற சொல்லை யாரும் அப்படிப் பயன்படுத்தியதில்லை. பாவு கொடுப்பவரும் போன் செய்து, “வெளியில் என்னவெல்லாமோ பேசுகிறீர்களாமே” என்று கேட்டிருக்கிறார். ஒளிபரப்பாகாத அந்த நடுத் துண்டு அவர் காதுக்கு மட்டும் எப்படியோ போய்ச் சேர்ந்திருக்கிறது. இந்த வாரம் பாவு வரத் தாமதமாகிறது. காரணம் கேட்கச் சின்னம்மாவுக்குப் பயம். “நான் முழுதாகத்தானே சொன்னேன், நீயும் அங்கேதானே நின்றாய்?” என்று என்னைக் கேட்டார். ஆமாம் சின்னம்மா, முழுதாகத்தான் சொன்னீர்கள்.

நேற்று மதியம் வேறொரு சேனலிலிருந்து ஒரு பெண் நிருபர் வந்திருந்தார். நல்ல பெண், செருப்பை வாசலில் விட்டுவிட்டுத்தான் உள்ளே வந்தார். முழு விவரமும் போடுகிறோம், ஐந்து நிமிடம் பேசினால் போதும் என்று மூன்று முறை கேட்டார். சின்னம்மா அறுந்த இழையை முடிந்துகொண்டே, காதைக் காட்டிக் கையை அசைத்தார். பாவு இருந்த நான்கு தறிகளும் ஓடிக்கொண்டிருந்தன. அவர் ஒன்றையும் நிறுத்தவில்லை.